குடித்த சர்க்கரைக்குக் கணக்கு இல்லை

உங்கள் உடம்பில் இந்த நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும் ரத்தம் ஏறக்குறைய ஐந்து லிட்டர். அந்த ஐந்து லிட்டரிலும் கரைந்திருக்கும் சர்க்கரை எவ்வளவு இருக்கும்? வெறும் 5 கிராம். ஒரு டீஸ்பூன். வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு தாளில் 90, 100 என்று பார்க்கிறோமே, அது 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கிறது என்ற கணக்கு. ஐந்து லிட்டருக்குப் பெருக்கிப் பாருங்கள், 5 கிராம்தான் வரும். அந்த ஒரு டீஸ்பூன் கூடிவிடாமலும் குறைந்துவிடாமலும் கணையமும் கல்லீரலும் இரவு பகலாகக் காவல் இருக்கின்றன.

இப்போது திருவேற்காட்டுக்கு வாருங்கள். ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை. கருமாரியம்மன் கோயிலைச் சுற்றி நிற்க இடமில்லை. தரிசனம் முடித்து வெளியே வருகிறவர்களுக்கு முதலில் தேவைப்படுவது குடிக்க ஏதாவது ஒன்று. கரும்புச்சாறு, ரோஸ் மில்க், நன்னாரி சர்பத், பன்னீர் சோடா, ஃப்ரிட்ஜுக்குள் அடுக்கிய கோலா பாட்டில்கள், பக்கத்திலேயே கொதித்துக்கொண்டிருக்கும் டீ. கரும்புச்சாற்றில் நூற்றுக்கு 13 முதல் 15 பங்கு சர்க்கரை. கால் லிட்டர் தம்ளரில் 30 கிராமைத் தாண்டிவிடும். கோலாவில் 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் இருக்கும், எனவே 250 மில்லி பாட்டிலில் 26 கிராம் வரை வரும். டீயில் மாஸ்டர் போடும் இரண்டு ஸ்பூன் 10 கிராம். ரத்தம் முழுவதிலும் ஒரு டீஸ்பூன் வைத்துச் சமாளிக்கும் உடம்புக்குள், அதைப்போல ஐந்தாறு மடங்கை இரண்டே நிமிடத்தில் ஊற்றிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறோம். உடம்பு இதை எப்படித் தாங்குகிறது என்பதே ஓர் ஆச்சரியம். தாங்கினாலும் கணக்கில் எழுதிக்கொள்வதில்லை என்பது அதைவிடப் பெரிய ஆச்சரியம்.

முதலில், நாக்கு எப்படி இதற்கு ஒப்புக்கொள்கிறது? ஒரு தம்ளர் தண்ணீரில் ஐந்து ஸ்பூன் சர்க்கரையைக் கலந்து நீட்டினால் யாரும் குடிக்க மாட்டார்கள், திகட்டும். அதே சர்க்கரை கோலாவில் திகட்டாமல் இருக்க இரண்டு உபாயங்கள் உண்டு. ஒன்று அமிலம். பாஸ்பாரிக் அமிலமோ சிட்ரிக் அமிலமோ சேர்ந்தால் புளிப்பு இனிப்பை மட்டுப்படுத்தும். எலுமிச்சை பிழிந்த கரும்புச்சாறு ‘லைட்டாக’ இருப்பதும் இதனால்தான். இன்னொன்று குளிர்ச்சி. நாக்கின் சுவை செல்களில் டிஆர்பிஎம்-5 என்றொரு கால்வாய்ப் புரதம் இருக்கிறது. இனிப்புச் செய்தி மூளைக்குப் போக இந்தக் கால்வாய் திறந்தாக வேண்டும். ஆனால் அது வெப்பத்துக்கு ஏற்ப வேலை செய்யும் கால்வாய். சூடாக இருந்தால் தாராளமாகத் திறக்கும், குளிரில் சுணங்கும். 2005-ல் வெளிவந்த கண்டுபிடிப்பு இது. உருகிய ஐஸ்கிரீம் கட்டி ஐஸ்கிரீமைவிட அதிகமாக இனிக்கிறதல்லவா? கேஸ் போய், வெயிலில் வைத்துச் சூடான கோலாவை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். சர்க்கரைப் பாகு என்பது அப்போது தெரியும்.

நாக்கைத் தாண்டியதும் இரைப்பை. இரைப்பையின் அடியில் பைலோரஸ் என்று ஒரு தசைக் கதவு இருக்கிறது. வெறும் தண்ணீர் என்றால் அது சீக்கிரமே வழிவிட்டுவிடும். சர்க்கரைத் தண்ணீர் என்றால் கதை வேறு. கதவுக்கு அந்தப் பக்கம் உள்ள முன்சிறுகுடல், வந்து விழும் சத்தின் அளவை உணர்ந்து, ‘போதும், நிறுத்து’ என்று நரம்பு வழியாகவும் ஹார்மோன் வழியாகவும் சொல்லி அனுப்புகிறது. குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கவைத்து 1983-ல் அளந்து பார்த்தார்கள். கரைசல் அடர்த்தியாக இருந்தாலும் நீர்த்திருந்தாலும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 கலோரிதான் கதவைத் தாண்டியது. டோல்கேட்டில் வண்டி விடுவதுபோல ஒரே சீரான வேகம். ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கலோரி, எனவே ஒரு சிறிய கோலா சுமார் 105 கலோரி. இந்தக் கணக்குப்படி அது முழுவதும் குடலுக்குள் இறங்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ரத்தத்தில் சர்க்கரை ஒரே அடியாகப் பொங்கிவிடாமல் நம்மைக் காப்பாற்றும் முதல் காவலாளி இந்தக் கதவு.

குடலில் நடப்பது இன்னும் நுட்பம். கடைச் சர்க்கரையின் ஒவ்வொரு மூலக்கூறும் குளுக்கோஸ், பிரக்டோஸ் என்ற இரண்டு துண்டுகள் ஒட்டிய இரட்டை. சிறுகுடல் சுவரில் உள்ள சுக்ரேஸ் என்ற நொதி, அதாவது வேதிவினையை விரைவாக்கும் புரதம், அதை நறுக்குகிறது. குளுக்கோஸ் உள்ளே போக ஒரு வாசல், பிரக்டோஸுக்கு வேறொரு வாசல். குளுக்கோஸ் வாசலின் பெயர் எஸ்ஜிஎல்டி-1. இது வினோதமான வாசல். ஒரு குளுக்கோஸ் தனியாக வந்தால் விடாது, உப்பில் உள்ள சோடியம் அயனிகள் இரண்டைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் திறக்கும். அப்படி இவை நுழையும்போது பின்னாலேயே தண்ணீரும் உள்ளே போகும். வயிற்றுப்போக்கில் வற்றிப்போன குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல் உயிர் கொடுப்பது இந்த வாசல் வழியாகத்தான்.

ஆனால் அதற்கு அளவு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் ஓஆர்எஸ் கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். கோலாவில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை. வயிற்றுப்போக்கு நேரத்தில் அவ்வளவு இனிப்பான பானம் கொடுத்தால், குடல் தண்ணீரை உறிஞ்சுவதற்குப் பதிலாக உடம்பிலிருக்கும் தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துவிடும். ஓஆர்எஸ் என்ற பெயரைப் பெட்டியில் போட்டுக்கொண்டு இனிப்புப் பானங்கள் மருந்துக் கடைகளில் விற்றுவந்த கூத்துக்கு, ஹைதராபாத் குழந்தை நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது.

குளுக்கோஸை உடம்பின் எல்லாச் செல்களும் பங்குபோட்டுக்கொள்ளும். பிரக்டோஸின் விதி வேறு. கொஞ்சமாக வந்தால் சிறுகுடலே அதைப் பெரும்பாலும் மாற்றிவிடுகிறது, கல்லீரலுக்குத் தொந்தரவு இல்லை. 2018-ல் எலிகளில் இதைக் காட்டினார்கள். அளவு மிஞ்சினால் குடலைத் தாண்டி வழிந்து கல்லீரலில் போய் விழுகிறது. குளுக்கோஸை எரிக்கும் பாதையில் ‘இப்போது தேவையில்லை’ என்று தடுத்து நிறுத்தும் ஒரு கட்டுப்பாட்டு நிலையம் உண்டு. பிரக்டோஸ் அந்த நிலையத்துக்குப் பின்னால் சென்று சேருகிறது, எனவே தடை இல்லை. மிஞ்சியதைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. மது பக்கமே போகாதவர்களுக்கும் ‘ஃபேட்டி லிவர்’ என்று ஸ்கேனில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு ஆரஞ்சைத் தின்றால் பிரக்டோஸ் சொட்டுச் சொட்டாக வரும். சர்க்கரை போட்ட ஜூஸாகக் குடித்தால் மொத்தமாக வரும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இவ்வளவு சத்து உள்ளே வந்திருக்கிறதே, பசி அடங்க வேண்டாமா?

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஓர் எளிய சோதனை நடந்தது. 15 பேர். நான்கு வாரம் தினமும் 450 கலோரியை ஜெல்லி மிட்டாயாகத் தின்னச் சொன்னார்கள். இன்னொரு நான்கு வாரம் அதே 450 கலோரியைச் சோடாவாகக் குடிக்கச் சொன்னார்கள். இரண்டிலும் இருப்பது சர்க்கரைதான். மிட்டாய் தின்ற வாரங்களில், யாரும் சொல்லாமலேயே அவர்கள் மற்ற உணவைக் குறைத்துக்கொண்டார்கள், கணக்கு நேராகிவிட்டது. சோடா குடித்த வாரங்களில் ஒரு வாய்கூடக் குறையவில்லை. வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் சோடாவும் சேர்ந்தது, எடை ஏறியது.

ஏன் இப்படி? பதில் ஒன்றல்ல. மெல்லுவது ஒரு காரணம். பல்லும் நாக்கும் வேலை செய்யும் நேரத்தைத்தான் மூளை ‘சாப்பிட்டோம்’ என்று கணக்கெடுக்கிறது. 1977-ல் பிரிட்டனில் ஒரே அளவு ஆப்பிளைப் பழமாகவும், கூழாகவும், சாறாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். பழத்தைவிடச் சாறு 11 மடங்கு வேகமாக உள்ளே போனது. சாறு குடித்தவர்களுக்கே பசி சீக்கிரம் வந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் திட உணவுக்கு அடங்குகிற அளவு பானத்துக்கு அடங்குவதில்லை என்றும் சில சோதனைகள் சொல்கின்றன. மனிதன் தோன்றிய காலம் முதல் தாய்ப்பாலைத் தாண்டி அவன் குடித்தது பெரும்பாலும் வெறும் தண்ணீர். தாகத்துக்கும் பசிக்கும் தனித்தனிக் கணக்குப் புத்தகம் போதுமானதாக இருந்தது. சர்க்கரை தண்ணீரில் கரைந்து வரும் என்று அந்த ஏற்பாடு எதிர்பார்க்கவில்லை என்பது பல ஆய்வாளர்களின் ஊகம். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

சரி, இந்த ஓட்டையை நமக்குச் சாதகமாகத் திருப்ப முடியாதா? குடிக்கும்போது உடம்பு கவனிக்கவில்லை என்றால், நிறுத்தும்போதும் கவனிக்கக் கூடாதல்லவா?

நெதர்லாந்தில் இதைத்தான் சோதித்தார்கள். 641 பள்ளிக் குழந்தைகள். தினமும் ஒவ்வொருவருக்கும் 250 மில்லி பானம். பாதிப் பேருக்குச் சர்க்கரை போட்டது, 104 கலோரி. மீதிப் பேருக்கு அதே ருசியில் சர்க்கரை இல்லாதது. யாருக்கு எது என்று குழந்தைக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. 18 மாதம் கழித்து எடை பார்த்தார்கள். வளரும் பிள்ளைகள், எல்லோருக்கும் எடை கூடியிருந்தது. ஆனால் சர்க்கரைப் பானம் குடித்தவர்களுக்கு 7.37 கிலோ, மற்றவர்களுக்கு 6.35 கிலோ. இழந்த 104 கலோரியைத் தேடி அந்தக் குழந்தைகளின் உடம்பு முழுமையாகக் கிளம்பவில்லை. 2012-ல் வெளிவந்த இந்த ஆய்வை இந்தத் துறையின் அழகான சோதனைகளில் ஒன்று என்பேன்.

பெரியவர்களிடமும் பார்த்தார்கள். அமெரிக்காவில் 810 பேரை 18 மாதம் தொடர்ந்த ஆய்வு ஒன்று 2009-ல் வந்தது. சாப்பாட்டில் கலோரி குறைத்ததைவிடக் குடிப்பதில் குறைத்ததற்கே எடையில் கூடுதல் பலன் தெரிந்தது. தினமும் 355 மில்லி இனிப்புப் பானத்தை விட்டவர்களுக்கு ஆறு மாதத்தில் சுமார் அரைக் கிலோ, 18 மாதத்தில் 650 கிராம் குறைந்தது.

650 கிராம்தானா என்று உதட்டைப் பிதுக்குகிறீர்கள். நியாயம்தான். காகிதத்தில் கணக்குப் போட்டால் இதைவிட அதிகம் வர வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன். 40 கிராம் சர்க்கரை, 160 கலோரி. ஒரு கிலோ உடல்கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. ஒரு வருடம் சர்க்கரையை விட்டால் ஏழரைக் கிலோ இறங்கியாக வேண்டும்! யூடியூப்பில் பலர் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறார்கள். உடம்பு இப்படி நேர்கோட்டில் நடப்பதில்லை. எடை குறையக் குறையச் சுமக்க வேண்டிய உடம்பு சிறுக்கிறது, செலவும் குறைகிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் 2011-ல் தந்த சூத்திரம் இதையும் சேர்த்துக்கொள்கிறது. தினமும் 24 கலோரியை நிரந்தரமாகக் குறைத்தால் கடைசியில் ஒரு கிலோ குறையும். அதில் பாதி முதல் வருடத்தில், ஏறக்குறைய முழுவதும் மூன்று வருடத்தில். அந்தக் கணக்குப்படி நான்கு டீயின் சர்க்கரைக்கு முதல் வருடம் மூன்று கிலோவுக்குச் சற்று மேல், மூன்று வருடத்தில் ஆறு கிலோவுக்கு மேல்.

அதுவும் வேறெதையும் கூட்டிச் சாப்பிடாமல் இருந்தால்தான். இங்கேதான் உடம்பு தன் இரண்டாவது சாமர்த்தியத்தைக் காட்டுகிறது. குடித்ததை அது எண்ணாமல் இருக்கலாம், இழந்த கொழுப்பை எண்ணும். ஹாலின் குழுவே பின்னர் கண்டது இது: எடை ஒரு கிலோ குறைந்தால் பசி நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டு, அந்தத் தெம்பில் கூடவே இரண்டு பிஸ்கட்டும் ஒரு வடையும் எடுத்தால் கணக்கு அங்கேயே முடிந்தது.

முதல் வாரத்திலேயே ஒரு கிலோ இறங்கிவிட்டது என்று துள்ளுகிறவர்களுக்கும் ஒரு தகவல். கல்லீரலும் தசையும் குளுக்கோஸைச் சங்கிலியாகக் கோத்து கிளைக்கோஜன் என்ற பெயரில் சேமித்து வைக்கின்றன. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தும் சர்க்கரையும் குறைந்ததும் முதலில் காலியாவது இந்தச் சேமிப்புதான், கூடவே தண்ணீரும் போகும். தராசில் தெரிவது பெரும்பாலும் அந்தத் தண்ணீர்.

உண்மையான கொழுப்பு பிறகுதான் கரையத் தொடங்கும். அது எந்த வழியாக வெளியேறுகிறது என்று கேட்டால் வியர்வை, சிறுநீர், மலம் என்று பதில் சொல்வார்கள். மருத்துவர்களிலேயே பலர் தவறாகச் சொன்னார்கள் என்று 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள் ஆஸ்திரேலியாவின் ரூபன் மீர்மனும் ஆண்ட்ரூ பிரவுனும். கொழுப்பு என்பது கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன். எரிந்தால் கரியமில வாயுவும் தண்ணீரும் ஆகும். 10 கிலோ கொழுப்பு கரைந்தால் அதில் 8.4 கிலோ மூச்சுக்காற்றோடு கரியமில வாயுவாகவே வெளியேறுகிறது, மிச்சம் 1.6 கிலோதான் தண்ணீர். உங்கள் தொப்பை போகும் வழி மூக்கு. அதற்காக வேகவேகமாக மூச்சுவிட்டுப் பயனில்லை, உள்ளே கொழுப்பு எரிந்தால்தான் காற்றில் கலக்கும்.

தொப்பை என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று நினைவுக்கு வருகிறது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-ல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே போட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு ஒன்றே, 22.3. ஒல்லியான ஆட்கள். ஆனால் உடலில் கொழுப்பு, யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இந்தியர் ஒல்லியாகத் தெரிந்தாலும் உள்ளே கொழுப்பு ஒளிந்திருக்கலாம். எனவே தராசோடு டேப்பும் தேவை. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது எல்லை. சென்னை மோகன் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய நாடு தழுவிய இன்டியாப் ஆய்வு 2023-ல் சொன்னபடி இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு மேல் வயிற்றுப் பருமன்.

தராசு அசையவில்லையே என்று சோர்ந்துபோகிறவர்கள் சென்னையிலேயே நடந்த ஓர் ஆய்வைத் தெரிந்துகொள்ளலாம். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவு 2006-ல் வந்தது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேர். ஒரு பிரிவினருக்குச் சர்க்கரையைத் தவிர்ப்பது, மாவுப்பண்டத்தையும் எண்ணெயையும் குறைப்பது, நடப்பது என்று ஆலோசனை மட்டும். மூன்று ஆண்டில், ஆலோசனை பெறாதவர்களில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்துவிட்டது. ஆலோசனை பெற்றவர்களில் அது 39 சதவீதம். இதில் வேடிக்கை என்னவென்றால், அவர்களின் எடை குறையவே இல்லை. தராசுக்குத் தெரியாத நன்மை உள்ளே நடந்திருக்கிறது.

சர்க்கரைக்குப் பதில் என்ன? ‘நாட்டுச் சர்க்கரை டீ’ என்று போர்டு வைத்த கடைகள் பூந்தமல்லி நெடுஞ்சாலை நெடுகிலும் வந்துவிட்டன. மணம் நன்றாக இருக்கும், விலை ஐந்து ரூபாய் கூட இருக்கும், சிறுகுடலின் சுக்ரேஸுக்கு மட்டும் வித்தியாசம் தெரியாது. வெல்லமும் கருப்பட்டியும் அப்படியே, பெரும்பகுதி அதே இரட்டைச் சர்க்கரைதான். கலோரி இல்லாத செயற்கை இனிப்பூட்டிகளை எடை குறைக்கும் வழியாக நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் அறிவுறுத்தியது. இளநீரில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் சர்க்கரை. மோரில் அதுவும் இல்லாத மாதிரிதான். திருவேற்காட்டில் ஆடி மாதம் ஊற்றுகிறார்களே கேழ்வரகுக் கூழ், சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிப்பது, அது பெயருக்குத்தான் பானம். உண்மையில் சாப்பாடு, வயிறும் அதைச் சாப்பாடாகவே எண்ணிக்கொள்ளும்.

சர்க்கரையில்லாத டீ குடிக்க முடியாது என்கிறவர்களுக்கு நாக்கே உதவும். மூன்று மாதம் சர்க்கரையைக் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கு, அதே இனிப்பு முன்பைவிட அதிகமாக இனித்தது என்று 2016-ல் அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையம் கண்டது. இரண்டு ஸ்பூனிலிருந்து ஒன்றரை, பிறகு ஒன்று, பிறகு அரை என்று மாதத்துக்கு ஒரு படி இறங்கினால் போதும். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள், மருந்தின் அளவை மாற்ற வேண்டி வரலாம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி, சேர்க்கும் சர்க்கரைக்கு நாள் முழுவதற்கும் விதிக்கும் எல்லை 25 கிராம்.

டீக்கடையில் மாஸ்டரிடம் ‘வித்தவுட்’ என்று சொன்னால் ஸ்பூனைக் கீழே வைத்துவிடுவார். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கிறவர்களுக்கு அந்த வசதி எப்போதும் கிடைப்பதில்லை. டீ அங்கே கேனில், சர்க்கரை கலந்தேதான் பல இடங்களில் வருகிறது. ஒரு ஷிப்டுக்கு இரண்டு முறை. கேன்டீன் நடத்துகிறவர்களுக்கும் மேலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சர்க்கரையைக் கேனில் கொட்டாமல் பக்கத்தில் ஒரு டப்பாவில் வையுங்கள். வேண்டியவர் வேண்டிய அளவு போட்டுக்கொள்வார். உங்களுக்குச் சர்க்கரைச் செலவும் மிச்சமாகும்.